திராட்சைக்கு மட்டுமா மருந்து?

"திராட்சை இவ்வளவு பெரிசா இருக்கே, ஊசி போடுறாங்களா?" வானொலியில் பழங்களைப் பற்றிப் பேசினால் கெடா நேயர் ஒருவராவது இதைக் கேட்டுவிடுவார்.

ஊசி இல்லை. விதையில்லாத் திராட்சைக் கொத்துகளில் ஜிப்பரெலின் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளிக்கிறார்கள். பழத்தைப் பருக்கவைக்கும் ஜிப்பரெலினைப் பெரும்பாலும் விதைதான் தரும். விதை இல்லாத பழத்தில் அது குறைவு. அந்தக் குறையைத் தெளிப்பு சரிக்கட்டுகிறது.

இதைக் காட்டிக்கொடுத்தது நெல் என்றால், வயல் சூழ்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒருவகைப் பூஞ்சை பிடித்த நாற்று நெடுநெடுவென வளர்ந்து, வெளுத்துச் சாய்ந்துவிடும். ஜப்பானியர் அதை 'முட்டாள் நாற்று' என்றார்கள். பூஞ்சை சுரக்கும் பொருள்தான் காரணம் என்று 1926இல் தைவானில் குரோசாவா காட்டினார். 1935இல் யபுதா அதற்கு ஜிப்பரெலின் என்று பெயர் வைத்தார்.

மருந்து உதவும், காலம் தப்பினால் கெடுக்கும். 2011இல் சீனாவின் டன்யாங்கில் தர்ப்பூசணிகள் வயலிலேயே வெடித்தன. பழம் பருக்க வேறொரு ஊக்கியைக் காலங்கடந்து தெளித்திருந்தார்கள், மழையும் சேர்ந்துகொண்டது.

தோட்டத்துச் சனங்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. என் அம்மா பீடோங் பக்கம் பால்மரம் வெட்டியவர். வெட்டுப் பட்டையில் பிரஷால் தடவிய 'மருந்து' எத்தெஃபோன். அதுவும் வளர்ச்சி ஊக்கிதான். மரத்துக்குள் போய் எத்திலீன் வாயுவாக மாறும். வாழைப்பழத்தைப் பழுக்க வைக்கும் அதே வாயு! பால்குழாய்கள் சீக்கிரம் அடைபடாமல் அது பார்த்துக்கொள்ளும். 1960களின் கடைசியில் நம் நாட்டு ரப்பர் ஆராய்ச்சிக் கழகம்தான் இதைச் சோதித்துக் காட்டியது.

"மருந்து போட்டா வெயில் ஏறியும் சொட்டிக்கிட்டே இருக்கும். மங்கு வழியும், ரெண்டாந்தரம் நடக்கணும்," என்பார் அம்மா. "அப்புறம் சில மரம் பட்டை காஞ்சு சும்மா நிக்கும்."

அம்மா சொன்னதைத்தான் ஆய்வாளர்கள் பட்டை வறட்சி என்கிறார்கள். மருந்தை மிஞ்சினால் அது கூடும். அளவோடு போட்டால், ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டிய நிரையை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை வெட்டினாலும் போதும். மரத்துக்கு நல்லது. ஆனால் வெட்டும் நாள் குறைந்தால் ஆளும் குறைவாகத்தானே வேண்டும்? பெரட்டுக்கு நின்றவர்களுக்கு அது சின்ன விஷயமா?

பழத்தின் அளவைப் பார்த்துப் பயப்படுவதைவிட, எப்போது, எத்தனை முறை, எவ்வளவு தெளித்தார்கள் என்று கேளுங்கள் என்பதுதான் நேயர்களுக்கு என் பதில். இன்னொரு கேள்வியை அம்மாவிடம் கேட்டேன்: பால் கூடியதே, சம்பளம் கூடியதா?

"கட்டிப்பாலுக்குக் கொஞ்சம் சில்லறை சேர்ந்துச்சு," என்றார். "பால் வாளிதான் ரொம்பக் கனத்துச்சு."