டெல்லிக்கு மனு எழுதிப் போட்டா கேஸு நகருமா?

"ஏம்மா, டெல்லியில நீதிக்குன்னே ஒரு டிபார்ட்மென்ட் இருக்காமே... அங்க ஒரு மனு எழுதிப் போட்டா நம்ம கேஸு நகருமா?"

கம்மாபுரத்தில் இருக்கும் என் அத்தை போனில் இப்படிக் கேட்டார். பாகப்பிரிவினை வழக்கு. இரண்டு ஏக்கர் நஞ்சைக்காக எட்டு வருஷமாக வாய்தா வாய்தா என்று அலைகிறார். யாரோ அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு விலாசம் அனுப்பியிருக்கிறார்கள்: 'நீதித் துறை, ஜெய்சால்மர் ஹவுஸ், மான்சிங் ரோடு, புதுடெல்லி.' விலாசம் நிஜம்தான். வாட்ஸ்அப்பில் வந்த தகவல் சரியாக இருந்ததே ஓர் அதிசயம்!

ஆனால், அங்கே எழுதினால் வழக்கு நகராது. ஏன் என்று அத்தைக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. தமிழில் ஒரு சிக்கல் வேறு. கோர்ட்டுகள் எல்லாம் சேர்ந்ததையும் 'நீதித்துறை' என்கிறோம். டெல்லியில் அந்தக் கட்டடத்தில் இயங்கும் அரசு அலுவலகத்துக்கும் அதே பெயர். இரண்டும் ஒன்றல்ல.

வெப் சீரிஸ் பார்க்கும் என் வயதுக்காரர்களுக்கு 'டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்' என்றதும் அமெரிக்காதான் நினைவுக்கு வரும். அங்கே எஃப்.பி.ஐ அந்தத் துறையின் கீழ்தான் இருக்கிறது. மத்திய அரசின் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்களும் அதன் ஆட்கள். அட்டர்னி ஜெனரல்தான் தலைவர். பிடிப்பதும் வழக்கு போடுவதும் ஒரே கூரைக்குள்.

நம் ஊரில் அப்படி இல்லை. மத்திய சட்டம் மற்றும் நீதி அமைச்சகத்துக்குள் மூன்று துறைகள் இருக்கின்றன. ஒன்று, அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்லி அதன் வழக்குகளைப் பார்த்துக்கொள்ளும் சட்ட விவகாரத் துறை. இன்னொன்று, மசோதாக்களை எழுதித் தரும் துறை. மூன்றாவதுதான் நீதித் துறை. அதற்கு ஒரு கான்ஸ்டபிள்கூடக் கிடையாது. சி.பி.ஐ இருப்பது பிரதமர் பொறுப்பில் உள்ள பணியாளர் துறையின் கீழ். போலீஸ், மாநில அரசின் உள்துறையில். 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்ததும் மத்திய உள்துறைதான். இந்த நீதித் துறையே 2009 வரை உள்துறைக்குள்தான் இருந்தது.

"அப்போ அவங்க என்னதான் பண்றாங்க?" என்றார் அத்தை. நியாயமான கேள்வி!

அதற்குப் பதில் சொல்ல, எங்கள் ஊரின் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். சென்னையில் என் ஊர் கம்மாபுரம் என்று சொன்னால், பாதிப் பேர் "எங்க இருக்கு?" என்பார்கள். விருத்தாசலம் பக்கம் என்பேன். விவரம் தெரிந்தவர்கள் மட்டும் ஒரு நிமிஷம் அமைதியாகி, "ஜெய் பீம் ஸ்டேஷனா?" என்பார்கள். ஆமாம், அதே கம்மாபுரம்தான்.

1993 மார்ச்சில், பக்கத்தில் இருக்கும் முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணுவை நகைத் திருட்டு சந்தேகத்தில் போலீஸ் பிடித்துப் போனது. சினிமாவில் இருளர் என்று காட்டினார்கள். நிஜத்தில் அவர் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். ஸ்டேஷனிலிருந்து தப்பி ஓடிவிட்டார் என்று போலீஸ் சொன்னது. அவர் மனைவி அதை நம்பவில்லை. உள்ளூர் கம்யூனிஸ்ட் தோழர்கள் துணையோடு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். வழக்கறிஞர், பின்னாளில் அதே நீதிமன்றத்தின் நீதிபதியான கே.சந்துரு. 2006-ல்தான் உயர் நீதிமன்றம், இது காவல் மரணம் என்று உறுதி செய்து போலீஸாருக்குத் தண்டனை கொடுத்தது. இடையில் ஓடிய வருஷங்கள் 13.

இந்தக் கதையில் டெல்லி நீதித் துறை எந்த இடத்தில் வருகிறது? பிடித்தது மாநில போலீஸ். குற்றவாளிகள் மீது வழக்கு நடத்த வேண்டியது மாநில அரசு. தண்டித்தது உயர் நீதிமன்றம். ஜெய்சால்மர் ஹவுஸ் நேரடியாக எங்கேயும் இல்லை. ஆனால், அந்தப் பெண் போய் நின்ற படிக்கட்டுக்கு மேலே நீதிபதி என்று ஒருவர் உட்கார்ந்திருந்தாரே, அவரை அங்கே உட்காரவைத்த ஃபைல் அந்தத் துறையைத் தாண்டித்தான் போயிருக்கும்.

அதுதான் அந்தத் துறையின் பெரிய வேலை. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளை யார் என்று தேர்ந்தெடுப்பது கொலீஜியம், அதாவது மூத்த நீதிபதிகள் குழு. அந்தப் பெயர்களை வாங்கி, உளவுத்துறை அறிக்கை சேர்த்து, பிரதமர் வழியாகக் குடியரசுத் தலைவர் வரை கொண்டுபோவது இந்தத் துறை. நியமனத்தில் நீதிபதிகளின் கருத்தே மேலோங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதும் 1993 அக்டோபரில்தான். இன்றுவரை அரசுக்கும் கொலீஜியத்துக்கும் இழுபறி ஓய்ந்தபாடில்லை. ஃபைல் மேஜையில் தூங்கினால், நாற்காலி காலியாக இருக்கும். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அனுமதிக்கப்பட்ட இடங்கள் 75. ஒவ்வொரு காலி நாற்காலியும் யாரோ ஓர் அத்தையின் வாய்தாதான்.

விருத்தாசலத்தில் உட்காரும் நீதிபதிகள் கதை வேறு. சிவில் நீதிபதிகளுக்கு நம் டி.என்.பி.எஸ்.சி தேர்வு வைக்கிறது. அவர்கள் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறார்கள். கீழ் கோர்ட்டுகளுக்குக் கட்டடம் கட்டப் பணம் தருவது மட்டும் டெல்லியின் திட்டம். 1993-94 முதல் நடக்கிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசு 60 சதவிகிதம், மாநிலம் 40 சதவிகிதம். வழக்கு விவரங்களை செல்போனில் பார்க்கவைக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்துக்கும் அதே துறைதான் நிதி தருகிறது. 2023-ல் ஒப்புதல் கிடைத்த மூன்றாம் கட்டத்துக்கு மட்டும் 7,210 கோடி ரூபாய்.

கட்டடம், கம்ப்யூட்டர், ஃபைல். கேட்கச் சப்பென்றுதான் இருக்கிறது. ஆனால், ஒரு மந்திரிக்குக் கீழே இருக்கும் அதிகாரி போன் போட்டு 'இந்தக் கேஸை முடி' என்று சொல்ல முடிந்தால், நாளைக்கு 'அந்தக் கேஸைத் தூக்கிப் போடு' என்றும் சொல்லலாம். அத்தைக்கு எதிராகவும் அந்த போன் ஒலிக்கலாம். அதனால்தான் அங்கே போகும் புகார் மனுக்களில் வழக்கு பற்றி இருந்தால், 'நீதிமன்றம் சுதந்திரமானது, நாங்கள் தலையிட முடியாது' என்பதுதான் பதிலாக வரும். தட்டிக்கழிப்பது போலத் தோன்றினாலும், எனக்கு அந்தப் பதில் பிடித்திருக்கிறது. அத்தைக்குப் பிடிக்கவில்லை.

அவருக்கு நான் சொன்னது வேறு. முதலில் வக்கீலிடம் சி.என்.ஆர் எண்ணை வாங்குங்கள், 16 இலக்கம். அதை இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டால், ஒவ்வொரு வாய்தாவும் எதற்காகத் தள்ளிப்போனது என்று தெரியும். எதிர்த் தரப்பு இழுக்கிறதா, நம் வக்கீலே வரவில்லையா என்பது அதில் தெரிந்துவிடும். வழக்கைக் குறிப்பிட்ட காலத்துக்குள் முடிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் மனு போடவும் வழி உண்டு.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100-க்கு போன் செய்யலாம். இது தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் எண். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்பது சட்டம். இரண்டு ஏக்கர் வைத்திருந்தாலும் அத்தைக்கு அந்த உரிமை உண்டு. வெறும் ஆலோசனை போதும் என்றால் 14454. 'டெலி-லா' என்ற அந்தச் சேவையை நடத்துவது சாட்சாத் அந்த ஜெய்சால்மர் ஹவுஸ்தான். ஆக, அத்தை டெல்லியிடம் பேசவே முடியாது என்றில்லை.

இலவச சட்ட உதவிக்கான அந்தச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1987-ல். நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9-ல். முதனையிலிருந்து அந்தப் பெண் கணவரைத் தேடிக் கிளம்பிய 1993-ல், அது அரசிதழில் அச்சான தாளாக மட்டும் இருந்தது.