மருமகனின் டர்போ

டர்போ என்ற சொல்லை இப்போது தொலைக்காட்சி விளம்பரத்தில் அரை மணிக்கு ஒரு தரம் கேட்கிறோம். கார் வாங்கப் போகிறவர்கள் "டர்போ மாடலா, சாதா மாடலா?" என்று விசாரிக்கிறார்கள். எனக்கு அது விளம்பரச் சொல் இல்லை, முப்பது வருடத்துக்கு மேல் சோறு போட்ட சாமான். கீரனூரிலிருந்து விடிகாலை ரயிலைப் பிடித்து, பொன்மலை டீசல் ஷெட்டுக்குப் போய் வந்த காலம் முழுக்க அதைக் கழற்றுவதும் மாட்டுவதும்தான் என் பிழைப்பு.

என் தங்கை திருமயத்தில் இருக்கிறாள். அவள் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன் பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஒன்றை வாங்கினான். 1.8 டிஎஸ்ஐ, பெட்ரோல் வண்டி, 180 குதிரை சக்தி. ஓட்டிப் பார்த்தேன், நல்ல வண்டி. அது போதாது என்று பெரிய டர்போ மாட்டக் கிளம்பிவிட்டான். அங்கே ஒரு பட்டறைக்காரர் மூன்றே முக்கால் லட்சத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். தங்கை எனக்குப் போன் செய்தாள். "அண்ணே, ஓட்டைப் பிரிச்சுட்டுத் தளம் போட வச்சிருந்த காசுண்ணே. ஐப்பசி மழைக்கு மூணு இடத்துல பாத்திரம் வைக்கிறேன். நீங்க சொன்னாத்தான் கேப்பான்" என்றாள்.

'வேண்டாம்' என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் கேட்காது. அதிலும் முப்பது வயதுப் பிள்ளை, சொந்தச் சம்பாத்தியம். "அந்தக் கணக்குச் சீட்டை எடுத்துக்கிட்டு வா மாப்பிள்ளை, உக்காந்து பார்ப்போம்" என்றேன். ஒரு சனிக்கிழமை வந்தான்.

டர்போ எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கிறது. அது வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. ஆல்ஃபிரட் பூஷி என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1905-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். வீணாகப் போகும் புகையை வேலை வாங்கிய மனிதர். ஆனால் டர்போ தானாகச் சக்தி தருவதில்லை. சக்தி எரிபொருளில் இருக்கிறது. கூடுதல் எரிபொருள் எரியக் கூடுதல் காற்று வேண்டும், அந்தக் காற்றைக் கொண்டுவந்து கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

மருமகனுக்கு நான் சொன்னது ரயில் எஞ்சின் கதை. நம் ஊர்க்காரர்களுக்கும் அது பழக்கமான எஞ்சின்தான். டபிள்யூடிஎம்-2 என்ற ஆல்கோ எஞ்சின், பதினாறு சிலிண்டர், 2600 குதிரை சக்தி. 1962-ல் அமெரிக்காவிலிருந்து வந்து, பிறகு வாரணாசியிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். நம் திருச்சி - ராமேஸ்வரம் பாதை மீட்டர் கேஜாக இருந்தபோது ஓடிய ஒய்டிஎம்-4 அதன் தம்பி, ஆறு சிலிண்டர். நிலையத்திலிருந்து கிளம்பும்போது கன்னங்கரேலென்று புகை கக்குமே, அது ஏன் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். டிரைவர் கைப்பிடியை ஒரு நாட்ச் ஏற்றியதும் டீசல் உடனே பாய்ந்துவிடும். டர்போ வேகம் பிடித்துக் காற்றைக் கொண்டுவரச் சில நொடி ஆகும். அந்த இடைவெளியில் எரியாத டீசல்தான் புகை. கார்ப் பையன்கள் இப்போது 'டர்போ லேக்' என்று சொல்வதை வெள்ளனூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்ற எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

1990-களில் அதே எஞ்சினிலிருந்து 3100 குதிரை எடுத்தார்கள். அதே பதினாறு சிலிண்டர், அதே அளவு. 500 குதிரை கூடுதல். வெளியில் கேட்டால் "புது டர்போ போட்டார்கள்" என்பார்கள். நேப்பியர், ஏபிபி கம்பெனிகளின் டர்போ வந்தது உண்மைதான். ஆனால் அதோடு வேறு என்னென்ன வந்தது? காற்றைக் குளிர்விக்கும் ஆஃப்டர்கூலரைப் பெரிதாக்கினார்கள். எரிபொருள் பம்பின் பிளஞ்சர் 17 மில்லிமீட்டர் ஆனது. கேம் ஷாஃப்ட்டை இன்னும் விறைப்பாகச் செய்தார்கள். பிஸ்டனுக்கு எஃகுத் தலை வைத்தார்கள். இத்தனையும் சேர்ந்துதான் அந்த 500 குதிரை. டர்போவை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் பாதி வழியில் பிஸ்டன் உருகியிருக்கும்.

"சரி, இப்போ உன் சீட்டை எடு" என்றேன்.

சீட்டில் மூன்று வகை டர்போ இருந்தது. அவன் வண்டியில் இருப்பது ஐஹெச்ஐ கம்பெனியின் ஐஎஸ்-12 என்ற சிறியது. அதன் அண்ணன் ஐஎஸ்-20, கோல்ஃப் ஜிடிஐ காரில் வருவது. அதற்கும் அண்ணன் ஐஎஸ்-38, கோல்ஃப் ஆர் காரில் வருவது. மூன்றாவது, ஹைபிரிட் என்று ஒன்று: பழைய கூட்டுக்குள்ளேயே பெரிய சக்கரத்தை வைத்துத் தருவார்களாம். பட்டறைக்காரர் ஐஎஸ்-38ஐப் பரிந்துரைத்திருந்தார். "300 குதிரை வரும்ங்கிறாங்க மாமா" என்றான். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். நான் அந்த வயதில் ராஜ்தூத்துக்குச் சைலன்சர் பார்த்தபோது என் அப்பாவுக்கும் இதே வெளிச்சம் தெரிந்திருக்கும்.

பெரிய சக்கரம் சுற்ற அதிகப் புகை வேண்டும். எஞ்சின் அதிகம் சுழன்றால்தான் அவ்வளவு புகை வரும். ஆகவே பெரிய டர்போ மேல் வேகத்தில் அள்ளிக் கொடுக்கும், கீழ் வேகத்தில் தூங்கும். "நீ வண்டி ஓட்டுறது எங்கே? வாரம் அஞ்சு நாள் பெங்களூர் டிராஃபிக்ல. மாசம் ஒரு தடவை இங்கே. தூங்குற டர்போவை வச்சுக்கிட்டு சிக்னல்ல என்ன பண்ணப் போறே?" என்று கேட்டேன். ஐஎஸ்-20 என்றால் அந்தக் குறை அவ்வளவாக இருக்காது என்று அவனே ஒத்துக்கொண்டான். விஷயம் தெரிந்த பையன்தான், ஆசை கண்ணை மறைக்கிறது.

அடுத்தது கியர்பாக்ஸ். எல்லாவற்றையும் முடிவு செய்தது இதுதான். அவன் வண்டியில் இருப்பது ஏழு கியர் டிஎஸ்ஜி, டிகியூ-200 என்று பெயர். உள்ளே உலர் கிளட்ச், எண்ணெயில் நனையாதது. அது தாங்கும் முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டர். அவன் எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போதே தருவது எவ்வளவு தெரியுமா? அதே 250. அதாவது மாட்டுவண்டியில் ஏற்கெனவே முழு பாரம் இருக்கிறது. மாட்டை மாற்றி யானையைக் கட்டினால் அச்சு என்ன ஆகும்? சீட்டில் கியர்பாக்ஸுக்கு எழுதியிருந்தது 'சாஃப்ட்வேர் டியூனிங்' என்ற ஒரே வரி. கிளட்ச் தகட்டை சாஃப்ட்வேர் எழுதி வலுவாக்க முடியும் என்று நான் எந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை.

ஸ்கோடா கம்பெனியே இதே வண்டியைப் பெரிய சக்தியோடு விற்றது. ஆக்டேவியா ஆர்எஸ் 230, 2017-ல் இந்தியாவுக்கு வந்தது. 2 லிட்டர் எஞ்சின், 230 குதிரை, 350 நியூட்டன் மீட்டர். அதற்கு அவர்கள் டிகியூ-200 போடவில்லை. எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் உள்ள ஆறு கியர் டிகியூ-250 போட்டார்கள். செய்தவனுக்கே நம்பிக்கை இல்லாத கியர்பாக்ஸை நாம் நம்பலாமா?

இன்னும் சீட்டில் இருந்தவை: பெரிய இன்டர்கூலர், உயர் அழுத்தப் பெட்ரோல் பம்ப், குளிர்ந்த ரக ஸ்பார்க் பிளக், புது டவுன்பைப். முதல் மூன்றும் நியாயமானவை. காற்றை அழுத்தினால் சூடு நூறு டிகிரியைத் தாண்டும். சூடான காற்றில் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடிக்கும். 'நாக்கிங்' என்று சொல்வோமே, அது பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பது மாதிரி. பெங்களூரின் குளுகுளு காலையில் பட்டறை எந்திரத்தில் அளந்து காட்டும் 300 குதிரை, சித்திரை வெயிலில் நார்த்தாமலையைத் தாண்டும்போது இருக்காது. பெட்ரோலிலும் ஆக்டேன் தேவை கூடும். உயர் ஆக்டேன் பெட்ரோல் பெரிய நகரத்தில் கிடைக்கலாம். அறந்தாங்கி சாலையில் டேங்க் காலியானால் கிடைத்ததைத்தான் ஊற்றியாக வேண்டும்.

டவுன்பைப்தான் எனக்குப் பிடிக்கவில்லை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாய் வைப்பது அது. பிறகு புகைச் சான்றிதழுக்கு என்ன செய்வான்? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. நாளை யார்மீதாவது மோதிவிட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் திறந்து பார்ப்பது பானெட்டைத்தான்.

சீட்டில் பிரேக் இல்லை. இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டேன், பிரேக் இல்லவே இல்லை. 80-ல் போகும் வண்டியை நிறுத்துவதைவிட 120-ல் போகும் வண்டியை நிறுத்த இரண்டேகால் மடங்கு ஆற்றலை பிரேக் விழுங்க வேண்டும். மாத்தூரிலிருந்து கீரனூர் வரை சாலையில் ஆடு குறுக்கே வராத நாள் உண்டா?

இந்த வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள் நம் தமிழ்நாட்டிலேயே இருந்தார்கள் என்பதையும் சொன்னேன். கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் சேர்ந்து 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி என்ற காரைக் கொண்டுவந்தார்கள். சாதா டியாகோ 85 குதிரை, இது டர்போவோடு 114 குதிரை. கியர் விகிதத்தை மாற்றி, சஸ்பென்ஷனைத் தாழ்த்தி, அகல டயர் போட்டு, பானெட்டில் காற்றுத் துளை வைத்து, அரசு அனுமதியோடு விற்றார்கள். பிஎஸ்-6 விதி வந்த 2020-ல் அது நின்றுபோனது ஒரு வருத்தம்தான்.

மருமகன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "உங்க ஷெட்ல டர்போ நல்லா இருக்கான்னு எப்படி மாமா பார்ப்பீங்க?" என்று கேட்டான். காதால்தான் என்றேன். எஞ்சினை நிறுத்தியதும் டர்போ உடனே நிற்காது, தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அந்தச் சத்தம் அடங்கும் வரை நிற்போம். ஒன்றரை நிமிடத்திலிருந்து மூன்று நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். சீக்கிரம் நின்றால் உள்ளே எங்கோ உரசுகிறது என்று பொருள். ரயில் டர்போ நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்குப் பக்கம் என்றால், அவன் காரில் இருக்கும் கைப்பிடி அளவு டர்போ ஒன்றரை லட்சத்தைத் தாண்டிச் சுற்றும். அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. அதனால் வேகமாக ஓட்டி வந்ததும் சாவியைத் திருகாதே, ஒரு நிமிடம் ஐடிலில் விடு என்றேன். இதை மட்டும் உடனே போனில் குறித்துக்கொண்டான்.

அந்த வாரமே நல்ல டயர் நாலும் பிரேக் பேடும் மாற்றினான். எண்ணெயும் பிளக்கும் புதிது. எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்துக்குள் முடிந்தது. வண்டி முன்னைவிட வேகமாக இருக்கிறது என்கிறான். அது டயரின் பிடிமானம், நான் மறுத்துப் பேசவில்லை. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு ஒரு நாள் போய் ஓட்டவும் நண்பர்களோடு ஏற்பாடு செய்கிறான். ஓட்டட்டும், அங்கே குறுக்கே ஆடு வராது. திருமயத்தில் ஆவணியில் தளம் போட்டாகிவிட்டது. கையில் இருந்தது போதாமல் கொஞ்சம் கடனும் வாங்கினார்கள்.

போன மாதம் வந்தபோது, ஆர்எஸ் 230 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, ஒரே கை ஓட்டிய வண்டி என்றான். தங்கை என் முகத்தைப் பார்த்தாள். நான் அவனிடம் கியர்பாக்ஸ் என்ன என்று கேட்டேன்.

"வெட் கிளட்ச்தான் மாமா" என்றான்.