பெர்த்திலிருந்து இலண்டனுக்கு

பிள்ளைகள் படிக்கும் பூகோள உருண்டை ஒன்று வீட்டில் இருந்தால் எடுத்து வையுங்கள். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரின்மீது ஒரு நூலின் நுனியை வைத்து, மறு நுனியை இலண்டன்வரை இழுத்து இறுக்கிப் பிடியுங்கள். சுவரில் தொங்கும் தட்டைப் படம் இதற்கு உதவாது. நூல் இந்துமாக் கடலைக் குறுக்கே கடந்து, இலங்கைத் தீவின்மீது ஏறி, மன்னார் வளைகுடாவைத் தாண்டி, நமது திண்டுக்கல், கரூர் வட்டாரங்களின் மேலாகச் சென்று, அரபிக் கடல், ஈரான், கருங்கடல் வழியாக இலண்டனை அடையும். இதுவே மிகக் குறுகிய வழி. அதன் நீளம் 14,499 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம்!

இந்த நூல் என்றும் ஒரே நீளந்தான். பயண நேரமோ அப்படியன்று.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஆஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த வான்வழி அத்துடன் அறுந்தது. 1943-இல் குவாண்டாஸ் நிறுவனம் ஒரு துணிகரச் செயலில் இறங்கியது. நீரிலிருந்தே எழும்பும் காட்டலினா விமானங்களைப் பெர்த்தின் சுவான் ஆற்றிலிருந்து செலுத்தி, காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரியில் இறக்கினார்கள். நமது நூல் செல்லும் பாதைக்கு மிக அண்மையிலேயே அவர்கள் பறந்தார்கள். இடையில் இறங்க இடமில்லாத 5,600 கிலோமீட்டர். ஏறத்தாழ 28 மணி நேரம். ஒருமுறை 32 மணி 9 நிமிடம்! எண்ணெயின் பாரத்தால் மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும் மட்டுமே இடமிருந்தது. பகைவர் அறியாதிருக்க வானொலியை மௌனமாக்கி, விண்மீன்களைப் பார்த்தே வழி கண்டார்கள். அவ்விமானங்களின் பெயர்களும் விண்மீன்களுடையவையே. நாம் சித்திரை, கேட்டை, திருவோணம் என்றழைக்கும் மீன்களும் அவற்றுள் அடங்கும். ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயம் கண்டவர்களுக்கு அதற்கென ஒரு சான்றிதழும் வழங்கப்பட்டது. 1945 வரை இவ்வாறு 271 முறை கடந்தார்கள்.

போர் முடிந்தபின், 1947 டிசம்பர் முதல் நாள், சிட்னியிலிருந்து கான்ஸ்டலேஷன் விமானம் 29 பயணிகளுடன் இலண்டனுக்குப் புறப்பட்டது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி எனத் தங்கித் தங்கிச் சென்று நான்காம் நாள் சேர்ந்தது.

2018 மார்ச் 24-ஆம் நாள் பெர்த்திலிருந்து புறப்பட்ட போயிங் விமானம் எங்கும் இறங்காமல் சுமார் 17 மணி நேரத்தில் இலண்டனில் இறங்கியது. செய்தித்தாள்கள் அதைப் பெரிதாகப் போற்றின. அடியேனுக்கோ, வெப்பமூட்டும் வசதிகூட இல்லாமல் இருளில் பறந்த அந்த மூன்று பயணிகளே பெரியவர்களாகத் தோன்றுகின்றனர்.

நூல் ஈரானின் மேலே செல்கிறது என்றோமே! 2024 ஆகஸ்டில் மேற்கு ஆசியப் பதற்றத்தால் அந்த வானத்தைத் தவிர்க்க வேண்டியதாயிற்று. சுற்றுவழிக்குக் கொண்டுசெல்லும் எண்ணெய் போதவில்லை. எனவே பெர்த்திலிருந்து சென்ற விமானம் சிங்கப்பூரில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டே இலண்டன் சேர்ந்தது. திரும்பி வந்த விமானத்திற்கு அந்தத் தொல்லை இல்லை. உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று பின்னாலிருந்து தள்ள, அது நிற்காமலே பெர்த் வந்து இறங்கியது.