ஒற்றை அடைமொழியை மறுத்தல்

எழுதுபவர் ஒருவரைச் சாதி, மதம், பால், வட்டாரம் ஆகியவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு சுட்டும் அடைமொழியை அவரே ஏற்க மறுக்கும்போது, அம்மறுப்பு தம் பிறப்பைப் பற்றிய கூச்சமாகவோ நன்றி மறந்த செயலாகவோ எளிதில் கருதப்பட்டுவிடுகிறது. அக்கருத்து எவ்வளவு பிழையானது என்பதற்கு, மட்டாஞ்சேரிக்குத் தெற்கே, இன்று கொச்சி மாநகராட்சிக்குள் அடங்கியுள்ள பள்ளுருத்தியின் ஸ்ரீ பவானீஸ்வரர் கோயிலும், அங்குப் பிரதிஷ்டை நடந்த 1916ஆம் ஆண்டும் சான்றாகின்றன.

பிரதிஷ்டை என்னும், தெய்வ உருவை முறைப்படி நிலைநிறுத்தும் அச்சடங்கை நடத்தியவர் ஸ்ரீ நாராயண குரு (1856–1928). கோயில் நுழைவு மறுக்கப்பட்டிருந்த ஈழவ மக்களுக்காக 1888இல் அருவிப்புறத்தில் தொடங்கிப் பல கோயில்களை நிறுவிய அவரை அம்மக்கள் தம் சமுதாயத்தின் குருவாகவே கொண்டாடினர். 1903இல் அமைந்த ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகத்துக்கும் (யோகம் என்பது இங்குச் சங்கம்) அவரே தலைவரானார். அத்தகையவர், பள்ளுருத்திக் கோயிலை நிறுவிய அதே ஆண்டில், யோகத்தில் சாதி அபிமானம் பெருகுவதைச் சுட்டி அதிலிருந்து விலகுவதாக, யோகத்தை அமைப்பதில் முன்னின்ற டாக்டர் பல்புவுக்குக் கடிதம் எழுதியதோடு, தாம் எந்தச் சாதிக்கும் மதத்துக்கும் உரியவரல்லர் என்று அறிக்கையும் வெளியிட்டார்.

அவர் மறுத்த அடையாளம் பகைவர் சுமத்தியதன்று, அன்பர்கள் சூட்டியது என்பதும், அதை மறுத்தபோது அம்மக்களை அவர் கைவிடவில்லை என்பதும் சேர்த்து எண்ணத்தக்கவை. மலையாளத்தில் ஆத்மோபதேச சதகமும், சமஸ்கிருதத்தில் தர்சனமாலையும், தமிழில் தேவாரப் பதிகங்களும் இயற்றிய கவிஞர், சமுதாயத் தலைவர் என்ற ஒற்றைப் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் மறைந்தே போகிறார்.

தமிழில் இதே இழுபறியைச் சோ. தர்மன், இமையம் ஆகியோரிடம் காணலாம். தலித் எழுத்தாளர் என்ற அடைமொழியை இருவருமே ஏற்பதில்லை. 2019ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற தர்மனின் ‘சூல்’, கண்மாய் எனப்படும் ஊர்ப் பாசன ஏரியையும் அதைப் பேணிய வாழ்முறையின் சிதைவையும் பேசும் நாவல். அதை எழுதியவரின் சாதியிலிருந்து படிக்கத் தொடங்குபவருக்குக் கண்மாய் கண்ணில் படுவதில்லை. 1994இல் வெளிவந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’, ஒடுக்கப்பட்டோருக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தின் துயரைச் சொன்னதால், ஒடுக்கப்பட்டோரின் உட்பிரிவை வெளிக்காட்டலாமா என்ற கண்டனத்துக்கு ஆளாயிற்று. அடைமொழி படைப்பாளியிடம் கடமை கேட்கத் தொடங்குவது இவ்விடத்தில்தான்.

ஆயினும் அடைமொழியால் விளைந்த பயனை மறைப்பது நேர்மையாகாது. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த தலித் இலக்கிய இயக்கமே, 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’ போன்ற நூல்களுக்குப் பரந்த வாசகரைச் சேர்த்தது. அப்பெயரைப் பெருமையுடன் ஏற்பவரின் உரிமையும் மறுப்பவரின் உரிமைக்குச் சமமானதே. மேலும், ஆதிக்கச் சாதியில் பிறந்து தம் வீட்டையும் தெருவையும் மட்டுமே எழுதியவர் அடைமொழி ஏதுமின்றி ‘எழுத்தாளர்’ என்றே அழைக்கப்படுகிறார்; இந்த ஏற்றத்தாழ்வு நீடிக்கும்வரை மறுப்பவரைக் குறைகூற யாருக்கும் தகுதியில்லை. நூலடுக்கில் புத்தகத்தைத் தேடி எடுக்க அடைமொழி உதவட்டும். மதிப்பீடு முதல் பக்கத்தைப் படித்த பிறகே தொடங்க வேண்டும்.