முந்தைய நிலை

என் இடது கன்னத்தின் உட்புறம், பத்து வருஷம் புகையிலை அடக்கிய இடத்தில், ஒரு வெண்படலம் வந்தது. வலி இல்லை, சுரண்டினாலும் போகவில்லை. டாக்டர் ஒரு துணுக்கு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். கேன்சர் இல்லை, ஆனால் செல்கள் ஒழுங்கு குலைய ஆரம்பித்திருக்கின்றன என்று முடிவு வந்தது. வீட்டில் ‘ஒன்றுமில்லை’ என்று எடுத்துக்கொண்டார்கள். ஆபீஸில் ‘கேன்சராம்’ என்று பேசிக்கொண்டார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு என்பதை ஏற்க நம் பேச்சு தயாராக இல்லை.

மருத்துவம் இதைக் ‘கேன்சருக்கு முந்தைய நிலை’ என்கிறது. பின்னால் வருவது நிச்சயமானால்தானே முந்தையது என்று சொல்ல முடியும்? இத்தகைய படலங்களில் பெரும்பாலானவை கேன்சராக மாறுவதேயில்லை. எது மாறும் என்று உறுதியாகச் சொல்லவும் முடிவதில்லை. வங்கியில் தவணை நின்ற கடன் 90 நாள் தாண்டினால் வாராக்கடன். அதுவரை கண்காணிப்பில் இருக்கும். சதைக்கு அப்படிக் கெடு எதுவும் கிடையாது.

சிகிச்சையும் இந்த அநிச்சயத்துக்குள்தான் நடக்கிறது. முதலில் புகையிலையையும் பாக்கையும் விடவேண்டும். சில படலங்கள் அதிலேயே மங்கிவிடுகின்றன. பிறகு கத்தி அல்லது லேசர். வெட்டிய இடத்தில் மறுபடி வரலாம், வேறிடத்திலும் வரலாம். ஊறியது வாய் முழுவதும்தானே. குரல்நாணில் வந்தால் மயக்கம் கொடுத்து, மைக்ராஸ்கோப் வழியே பார்த்து உரித்தெடுக்கிறார்கள்; ஆழமாகப் போய்விட்டால் குரல் கெடும். 1986இல் முடிவு வெளியான ஓர் ஆய்வில் வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படலம் சுருங்கியது, மருந்தை நிறுத்தியதும் பலருக்கு இரண்டு மூன்று மாதங்களில் திரும்பிவிட்டது.

மிஞ்சுவது பார்ப்பது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலையோ குடியோ உள்ளவர்களிடையே வாய்ப் புற்றால் நேரும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் முடிவு வெளியாயிற்று. வெறும் கண்ணால் செய்த காரியம் இது.

எனக்கு லேசரில் எடுத்தாயிற்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாயைத் திறந்து காட்டுகிறேன். இலக்கிய விமர்சனத்தில் தீர்ப்பைத் தள்ளிப்போட்டுப் பார்த்துக்கொண்டேயிருப்பவனை நாம் கோழை என்கிறோம். நானும் சிலரைப் பற்றி அப்படி எழுதியதுண்டு. இப்போது, தீர்ப்புச் சொல்ல அவசரப்படாத ஒருவரை நம்பித்தான் என் நாக்கு பேசிக்கொண்டிருக்கிறது.