கூட்டம் சிரித்த கேள்வி

நுரையீரல் புற்றுநோய் பற்றித் தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறேன். நன்றாகப் பேசுகிறேன் என்பார்கள். அந்தப் பெயருக்காகப் பேச்சில் ஒரு பகுதியை வெட்டினேன். தெரியாமல் அல்ல, தெரிந்தே.

புகை பிடிக்காதவர்களுக்கும் இந்த நோய் வரும் என்பதுதான் அந்தப் பகுதி. ஜப்பானில் ஹிராயாமா என்ற ஆய்வாளர், புகை பிடிக்காத 90,000-க்கும் மேற்பட்ட மனைவிமாரை 14 ஆண்டுகள் கவனித்து, 1981-இல் முடிவை வெளியிட்டார். கணவன் அதிகம் புகைத்த வீடுகளில் மனைவிக்கு ஆபத்து கூடியிருந்தது. வெளிக்காற்றின் மாசு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2013-இல் அறிவித்தது. விறகடுப்புப் புகையும் காரணமாகலாம் என்கிறது அதே அமைப்பு. எல்லாம் என் குறிப்பேட்டில் இருந்தன. மேடையில் சொல்லவில்லை. 'பீடியை விடு, பிழைத்துக்கொள்' என்றால் கூட்டத்துக்குச் சட்டென்று பிடிபடும். மற்றதைச் சொன்னால் பேச்சு இழுக்கும், ஆட்கள் எழுந்து போவார்கள். எனக்கு அந்தப் பயம்.

ஒரு மாலைக் கூட்டத்துக்குப் பீடி சுற்றும் பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். பேசி முடித்ததும் நடுவயதுப் பெண் ஒருவர் எழுந்தார். "சார், ரெண்டு மாசமா இருமல் நிக்க மாட்டேங்கு. இது அதுவா இருக்குமோ?"

கேட்க வேண்டியவை எனக்குத் தெரியும். சளியில் ரத்தம் வருகிறதா, மூச்சு வாங்குகிறதா, உடம்பு இளைத்ததா, வீட்டில் யார் புகைக்கிறார்கள். ஒன்றையும் கேட்கவில்லை. "நீங்க பீடி சுத்துறீங்களா, குடிக்கிறீங்களா?" என்றேன். நாளெல்லாம் புகையிலைத் தூளை மூச்சில் வாங்குகிறவரிடம் அப்படிக் கேட்டேன். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. "குடிக்கலைன்னா பயப்படாதீங்க, சாதா இருமலாத்தான் இருக்கும்" என்றும் சொன்னேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளியைச் சோதிக்க வேண்டும் என்பது காசநோய்த் திட்டத்தின் அரிச்சுவடி. ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள் என்று ஒரு வார்த்தை போதும். அதைக்கூட நான் சொல்லவில்லை.

அவர் ஓராண்டு போல எங்கும் போகவில்லை. போனபோது நோய் எலும்புவரை பரவியிருந்தது. பார்க்கப் போனேன். கணவர் காலமெல்லாம் வீட்டுக்குள்ளேயே பீடி குடித்தவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மகள் கோபமே இல்லாமல் சொன்னாள்: "சாரே சொல்லிட்டாங்க, குடிக்காதவளுக்கு வராதுன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்தா. நெஞ்சு டாக்டர்கிட்ட போனா, திருட்டுத்தனமா குடிக்கான்னு ஊர்ல பேசுவாங்கன்னும் பயந்தா." அந்தப் பயத்தையும் நான்தான் கொடுத்தேன். கூட்டத்துக்கு முன்னால் சிரிக்கவைத்துக் கொடுத்தேன்.

சில மாதங்களில் அவர் இறந்தார். அன்றைக்கே கண்டுபிடித்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் ஒரு மருத்துவர். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச காலம் நிம்மதியாகத் தூங்கினேன். அதுவும் கோழைத்தனம். அவர் பிழைத்திருப்பாரா என்பதற்கு மருத்துவர்தான் பதில் சொல்ல வேண்டும். உதவி கேட்டு எழுந்தவரை நான் ஏன் உட்காரவைத்தேன் என்பதற்கு நான்தான் சொல்ல வேண்டும்.

இப்போது வெட்டிய பகுதியைச் சேர்த்துத்தான் பேசுகிறேன். இருமலோடு வருகிறவரிடம் பீடி குடிப்பீர்களா என்று முதலில் கேட்பதில்லை. குடித்தவராகவே இருந்தாலும் அவருக்கும் சிகிச்சைதான் வேண்டும், அவமானம் அல்ல. ஆனால் ஹிராயாமாவின் ஆய்வை அன்றே படித்திருந்தேன் என்பதை அந்த மகளிடம் நான் சொல்லவில்லை. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதை நான் மறுக்கவில்லை.