சித்தம்பூண்டிக் கல்

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பை அளந்த அன்று, நிலவில் அது ஆறில் ஒரு பங்கே என்றார் பேராசிரியர். அன்றிலிருந்து எனக்குக் கோள்களின் மீது ஒரு பித்து! பி.எஸ்சி.க்குப் பிறகும் படிக்க வேண்டும் என்றேன். கல் குவாரியில் சம்மட்டி பிடிக்கும் அப்பா வாய் திறக்கவில்லை.

ஓர் இரவு அறந்தாங்கி வீட்டுத் திண்ணையில் அவரிடம் சொன்னேன்: நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டியின் அனார்த்தசைட் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதைப் பொடித்துப் பெங்களூரில் பரப்பித்தான் இஸ்ரோ சந்திரயான் ஊர்தியை ஓட்டிப் பார்த்தது. 2023 ஆகஸ்டு 23-ல் விக்ரம் கலம் நிலவில் இறங்கியது.

"அந்தக் கல்லை உடைச்சவனுக்கு என்ன கூலி கொடுத்தாங்க?" என்றார் அப்பா.

நான் படித்த எதிலும் அது இல்லை.

சற்றுக் கழித்து, "மேலே படிக்க எவ்வளவு ஆகும்?" என்றார்.